தோற்றம் காக்கும் கோப்பில் தொலையும் பனுவல்: தமிழ் ஆய்வேடுகளின் இணையவழிப் பிடிஎஃப் மாற்றம் – ஒரு விமர்சன நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

வேர்டு ஆவணங்களாக உருவாகும் தமிழ் ஆய்வேடுகள் பிடிஎஃப் கோப்புகளாக மாற்றப்பட்டே நிறுவனங்களையும் வாசகரையும் சென்றடைகின்றன. பக்கத்தின் தோற்றம் மாறாதிருப்பதால் இம்மாற்றம் பிழையற்றது என்று கருதப்படுகிறது. தோற்றத்திற்கு அடியில் உள்ள எழுத்துத்தொடர் சிதையும் விதத்தையும், அச்சிதைவு தேடலிலும் சொல்லெண்ணிக்கையிலும் கருத்துத்திருட்டுச் சோதனையிலும் விளைவிக்கும் பொய்யான முடிவுகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பிடிஎஃப், வேர்டு ஆவணம், ஒருங்குறி, எழுத்துரு, ஆய்வேடு, உரைத்தேடல், பாடவேறுபாடு

முன்னுரை

ஆய்வேடு எழுதி முடிக்கும் காலத்தில் மிகக் குறைந்த கவனத்தைப் பெறும் வேலை கோப்பு மாற்றம். மேற்கோள்கள் சரிபார்க்கப்படுகின்றன, ஒற்றுப்பிழைகள் களையப்படுகின்றன, துணைநூற்பட்டியல் பலமுறை திருத்தப்படுகிறது. அதன்பின் வேர்டு ஆவணம் ஏதேனும் ஓர் இணையத்தளத்தில் ஏற்றப்பட்டு, ஒரு நிமிடத்திற்குள் பிடிஎஃப் கோப்பாக இறக்கிக்கொள்ளப்படுகிறது. ஆய்வாளர் அதனைத் திறந்து பக்கங்களைப் புரட்டிப் பார்க்கிறார். எழுத்துகள் ஒழுங்காகத் தெரிகின்றன. கோப்பு சமர்ப்பிக்கப்படுகிறது.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, பட்டம் அறிவிக்கப்பட்டபின் ஆய்வேட்டின் மின்படியை அளிப்பதைப் பல்கலைக்கழகங்களின் கடமையாக்கியது. காந்திநகரில் இயங்கும் இன்ஃபிலிப்நெட் மையத்தின் சோத்கங்கா களஞ்சியத்தில் ஆய்வேடுகள் இயல் இயலாகப் பிடிஎஃப் வடிவில் வைக்கப்படுகின்றன. நூலக அலமாரியில் நின்ற ஆய்வேட்டைத் தேடிச் சென்றோர் சிலர். மின்படியைத் தேடுவோர் பலர். எனவே ஓர் ஆய்வேடு பிற்கால ஆய்வுக்குப் பயன்படுவதும் பயன்படாமற்போவதும் அந்த ஒரு நிமிட வேலையைப் பெரிதும் சார்ந்திருக்கிறது. ஆயினும் இம்மாற்றத்தின் வெற்றியை அளக்கக் கண்ணையன்றி வேறு அளவுகோல் தமிழ்க் கல்விப்புலத்தில் நடைமுறைக்கு வரவில்லை.

பிடிஎஃப் சேமிப்பது எதனை?

அடோபி நிறுவனம் 1993இல் பிடிஎஃப் வடிவத்தை வெளியிட்டபோது அதன் நோக்கம் ஒன்றே: எந்தக் கணினியில் திறந்தாலும், எந்த அச்சுப்பொறியில் அச்சிட்டாலும் பக்கம் ஒன்றுபோலத் தெரிய வேண்டும். அந்த நோக்கத்தில் அது முழுமையாக வென்றது. 2008இல் ஐஎஸ்ஓ 32000 என்னும் பன்னாட்டுத் தரநிலையாகவும் ஆனது. ஆனால் இவ்வடிவம் அடிப்படையில் சொற்களைச் சேமிப்பதில்லை. குறிப்பிட்ட எழுத்துருவில் உள்ள இன்ன எண்ணுடைய வரிவடிவத்தைப் பக்கத்தின் இன்ன இடத்தில் வரைக என்ற கட்டளைகளின் தொகுப்பே பிடிஎஃப் பக்கம். அச்சுக்கோப்பவர் ஈய அச்சுகளை வரிசையாக அடுக்குவதுபோன்றது இது. அடுக்கப்பட்டவை எந்தச் சொல் என்பது அச்சுப்பொறிக்குத் தேவையற்ற செய்தி.

பின்னர்த் தேடலுக்கும் படியெடுத்தலுக்கும் வழிசெய்யும் பொருட்டு இரண்டு வசதிகள் சேர்க்கப்பட்டன. ஒவ்வொரு வரிவடிவமும் எந்த ஒருங்குறி எழுத்தைக் குறிக்கிறது எனக் காட்டும் அட்டவணை 1.2ஆம் பதிப்பிலும், ஒரு வரிவடிவக் கூட்டத்திற்கு நிகரான உண்மை உரையை உடன் எழுதிவைக்கும் முறை 1.4ஆம் பதிப்பிலும் வந்தன. இரண்டுமே கட்டாயமற்றவை. இவை இல்லாத கோப்பும் முறையான பிடிஎஃப் கோப்பே. அதன் தோற்றத்தில் அணுவளவும் குறை தெரியாது.

ஆங்கிலத்திற்கு அட்டவணை ஒன்றே ஏறத்தாழப் போதுமானது. எழுத்துகள் ஒலிக்கும் வரிசையிலேயே இடமிருந்து வலமாக அமைகின்றன. தமிழுக்கு அது போதாது.

இடம்பெயரும் கொம்புகள்

1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பு, இஸ்கி குறியேற்றத்தின் அமைப்பைப் பின்பற்றித் தமிழை உள்ளடக்கியது. அதன்படி உயிர்மெய் எழுத்து ஒலிமுறையில் சேமிக்கப்படுகிறது: முதலில் மெய்யின் இடம், அடுத்து உயிர்க்குறி. திரையில் வரையும்போது எ, ஏ, ஐ ஆகியவற்றின் குறிகள் மெய்க்கு முன்னே கொண்டுவரப்படுகின்றன. ஒ, ஓ, ஔ ஆகியவற்றின் குறிகள் இரண்டாகப் பிளந்து மெய்யின் இருபுறமும் நிற்கின்றன. இவ்வேலையை எழுத்துருவும் இயக்குதளமும் சேர்ந்து செய்கின்றன. பிடிஎஃப் கோப்புக்குச் சென்றுசேர்வது வேலை முடிந்தபின் உள்ள வரிசை, அதாவது கண்ணுக்குத் தெரியும் வரிசை. உண்மை உரையை உடன் எழுதாத மாற்றியின் கோப்பிலிருந்து எழுத்துகளைத் திரும்ப எடுத்தால் கொம்பு முன்னும் மெய் பின்னுமாகவே வரும். “கேள்வி” என்பது “ேகள்வி” ஆகிறது. “தொல்காப்பியம்” என்பது “ெதால்காப்பியம்” ஆகிறது. “எட்டுத்தொகை”யோ “எட்டுத்ெதாைக” ஆகிவிடுகிறது.

பாதிப்பின் பரப்பை நெடுங்கணக்கே காட்டிவிடும். பன்னிரண்டு உயிர்களில் மேற்சொன்ன ஆறின் குறிகள் இடப்பக்கம் ஏறுபவை. பதினெட்டு மெய்களோடும் அவை சேரும்போது கிடைப்பன 108 எழுத்துகள்; 216 உயிர்மெய்களில் சரிபாதி. அவற்றுள் ஐகாரம் இரண்டாம் வேற்றுமை உருபு. “மரத்தை” என்பது “மரத்ைத” என்று கோப்பில் கிடந்தால், செயப்படுபொருள் ஏற்ற பெயர் எதுவும் தேடலுக்கு அகப்படாது. வேற்றுமைத் தொகை, வேற்றுமை விரி பற்றி உரைத்தரவு திரட்டும் மொழியியலாளர் இத்தகைய கோப்புகளிலிருந்து இரண்டாம் வேற்றுமையே வழக்கிழந்த ஒரு தமிழைப் பெறுவார். “இல்லை” என்ற சொல்லும் “இல்ைல” ஆகிவிடுவதால், இல்லாமையைத் தேடினாலும் இல்லாமையே விடையாகும்.

சிதைந்த வடிவம் எப்போதும் சிதைந்ததாகத் தெரிவதில்லை என்பதே இதில் கூடுதல் இடர். முன்னே சென்ற குறி, தனக்கு முந்தைய மெய்யோடு ஒட்டிக்கொண்டு வேறு ஓர் எழுத்தாகிவிடும். “மலை” என்பது “மைல” எனவும், “கலை” என்பது “கைல” எனவும் வரும். அகத்திணை ஆய்வில் ஒவ்வொரு பக்கத்திலும் வரும் “தலைவி” இங்கே “தைலவி” ஆகிறாள். தனிநிலையில் நிற்கும் கொம்பைக் கண்டால் மென்பொருள் பிழையெனக் கொடிகாட்ட இயலும். “தைலவி” எழுத்தமைப்பில் பிழையற்ற சொல்.

ஔகாரத்தில் நிலைமை இன்னும் சிக்கலானது. அதன் வலப்பக்கப் பகுதியும் ளகரமும் பெரும்பாலான எழுத்துருக்களில் ஒரே வடிவுடையவை. அதனால் “கௌரவம்” என்பதைக் ககர எகரமும் ளகரமும் தட்டிக் “கெளரவம்” என உள்ளிடும் வழக்கம் ஏற்கெனவே பரவியிருக்கிறது. பிடிஎஃப் கோப்பிலிருந்து மீட்கும்போது இவ்விரண்டையும் பிரித்தறிய அகராதியறிவு வேண்டும். எளிய மாற்றுவிதி போதாது.

ஐந்திணையில் மூன்று

ஓர் எடுத்துக்காட்டை முழுமையாகப் பார்ப்பது பயன்தரும். சங்க இலக்கிய ஆய்வேடு ஒன்று மேற்சொன்ன கோளாறுடைய கோப்பாகக் களஞ்சியத்தில் இருக்கிறது எனக் கொள்வோம். பிற்கால ஆய்வாளர் அதனைத் திறந்து திணைப்பெயர்களைத் தேடுகிறார். “குறிஞ்சி” கிடைக்கிறது. “மருதம்” கிடைக்கிறது. “முல்லை”, “பாலை”, “நெய்தல்” மூன்றுக்கும் முடிவு சுழியம். கோப்பில் அவை “முல்ைல”, “பாைல”, “ெநய்தல்” என இருக்கின்றன. எந்தப் பெயரும் கிடைக்காமற்போயிருந்தால் கோப்பில் கோளாறு என்று அவர் உணர்ந்திருப்பார். இரண்டு கிடைத்தமையால் தேடல் ஒழுங்காக நடைபெறுகிறது என்ற நம்பிக்கை பிறக்கிறது. முந்தைய ஆய்வாளர் குறிஞ்சியையும் மருதத்தையும் மட்டுமே விரிவாக ஆராய்ந்தார், ஏனைய திணைகள் இன்னும் ஆராயப்படவில்லை என்ற வாக்கியம் ஆய்வு முன்னோடிகள் பகுதியில் இடம்பெறுவதற்கு இதற்குமேல் ஒன்றும் தேவையில்லை.

குறிஞ்சியும் எல்லாக் கோப்புகளிலும் தப்புவதில்லை. “கு”, “டி”, “மு” போன்றவற்றுக்குப் பல எழுத்துருக்களில் தனி வரிவடிவம் உண்டு. அதற்குரிய பதிவு அட்டவணையில் விடுபட்டால் அந்த எழுத்து வெற்றிடமாகவோ தொடர்பற்ற குறியாகவோ வெளிவரும்.

ஓலைச்சுவடிகளோடு ஒப்பிட்டால் இச்சிக்கலின் தன்மை விளங்கும். சுவடியில் மெய்க்குப் புள்ளி இராது. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வேறுபடா. காலும் ரகரமும் ஒன்றுபோலிருக்கும். பதிப்பாசிரியர் இவற்றை அறிந்தே ஏட்டைக் கையிலெடுத்தார். யாப்பையும் பொருளையும் துணைக்கொண்டு பாடத்தைத் தெளிந்தார். ஐயத்திற்குரிய இடம் அவர் கண்முன் இருந்தது. பிடிஎஃப் கோப்பில் கண்முன் இருப்பது குறையற்ற பாடம். குறையுள்ள பாடத்தை வாசிப்பது கணினி மட்டுமே, அது ஐயுறுவதில்லை.

பழைய எழுத்துருக்களில் அமைந்த ஆவணங்கள் ஒரு வகையில் இதனினும் நேர்மையானவை. பாமினி எழுத்துருவில் “அம்மா” எனத் திரையில் தெரிவதற்கு அடியில் இருப்பவை நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். மாற்றியிடம் அந்த எழுத்துரு இல்லையெனில் பக்கம் முழுதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகிவிடும். பிழை உடனே தெரியும். எழுத்துரு இருந்து மாற்றம் நடந்தால் தோற்றம் சரியாகும், தேடல் முற்றிலும் பொய்க்கும். தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியோடு ஏற்ற அனைத்தெழுத்துக் குறியேற்றம் உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனியிடம் தருவதால் கொம்பு இடம்பெயரும் சிக்கல் அதில் எழாது. ஆனால் அது ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியில் அமைந்திருப்பதால் பொதுத் தேடுபொறிகள் அதனைத் தமிழென அறியா.

இணையவழி மாற்றியின் பங்கு

இக்கோளாறு முழுவதையும் இணையத்தளங்களின் மேல் சுமத்துவது முறையாகாது. சொந்தக் கணினியில் வேர்டிலிருந்தே மாற்றினாலும் இது நேரக்கூடும். அச்சிடும் கட்டளை வழியாகப் பிடிஎஃப் உருவாக்கினால் நேரும் வாய்ப்பு மிகுதி. ஆவணத்தின் கட்டமைப்புச் செய்திகள் அச்சுக்கட்டளையோடு செல்வதில்லை. இணையவழி மாற்றம் கூடுதலாகக் கொண்டுவருவது வேறொன்று: எந்த மென்பொருள், அதன் எந்தப் பதிப்பு, எந்த எழுத்துருக்களைக் கொண்டு மாற்றியது என்பது பயனருக்குத் தெரியாது. இம்மாதம் ஒழுங்காக மாற்றிய தளம் அடுத்த மாதமும் அவ்வாறே மாற்றும் என்பதற்கு உறுதியில்லை.

எழுத்துருச் செய்தி எளியது. ஆயினும் பலரும் அறியாதது. தனியாகத் தெரிவு செய்தாலன்றி வேர்டு ஆவணத்திற்குள் எழுத்துரு இராது, அதன் பெயர் மட்டுமே இருக்கும். விண்டோஸ் 2000 முதல் தமிழர்க்குப் பழகிய லதா, விண்டோஸ் 8இல் வந்த நிர்மலா ஆகியவை மைக்ரோசாஃப்டின் உரிமம் பெற்றவை. விண்டோஸ் 10இல் லதாவே விருப்பத் தேர்வாக நிறுவ வேண்டிய தொகுப்புக்குச் சென்றுவிட்டது. லினக்ஸ் சேவையகத்தில் இயங்கும் மாற்றியிடம் இவை இல்லாதபோது லோகித், நோட்டோ போன்ற வேறொரு தமிழ் எழுத்துரு அவ்விடத்தில் அமரும். அதன் அகலம் வேறு. வரி உடையும் இடம் வேறு. பக்கம் முடியும் இடமும் வேறு. பொருளடக்கத்தில் வேர்டு எழுதிய பக்க எண்கள் அப்படியே நிற்க, இயல்கள் இடம் மாறிவிடுகின்றன.

கட்டமைக்கப்பட்டு நூலகத்தில் இருக்கும் அச்சுப்படிக்கும் களஞ்சியத்தில் இருக்கும் மின்படிக்கும் பக்க எண் வேறுபடும் நிலை இவ்வாறு உருவாகிறது. ஒரே ஆய்வேடு இரண்டு பிரதிகளாகப் பிரிகிறது. அடிக்குறிப்பில் ஆய்வேட்டின் பெயரும் பக்க எண்ணும் தரும் மரபு எந்தப் பிரதி எனக் குறிப்பதில்லை. பாடவேறுபாட்டைக் கற்பிக்கும் துறைகளிலேயே இதனைப் பிரதிபேதமாகக் காணும் பார்வை உருவாகாதது வியப்பிற்குரியது.

கல்வெட்டு ஆய்வேடுகளுக்கு இழப்பு இன்னும் மிகுதி. கிரந்த எழுத்துகள் 2014இலும், தமிழ்ப் பின்னங்களும் அளவைக் குறியீடுகளும் 2019இலுமே ஒருங்குறியில் இடம்பெற்றன. மாற்றியிடம் உள்ள எழுத்துரு இவற்றை உள்ளடக்காவிடில் காணியும் மாவும் நிற்க வேண்டிய இடங்களில் வெற்றுக்கட்டங்கள் நிற்கும். நிலக்கொடையின் அளவை வாசிக்கும் ஆய்வுக்கு அக்கட்டங்களே மையச் சான்று.

மற்றொன்றும் கருதத்தக்கது. கள ஆய்வின் அடிப்படையில் எழுந்த ஆய்வேட்டின் பின்னிணைப்பில் தகவலாளர் பெயர், ஊர், சாதி, வயது, சில வேளை வாய்மொழியாகச் சொன்ன குடும்பச் செய்திகளும் இருக்கும். ஆய்வாளரை நம்பிப் பேசியவர்கள் அவர்கள். ஏற்றப்பட்ட கோப்பு சில மணி நேரத்தில் அழிக்கப்படும் எனப் பல தளங்கள் அறிவிக்கின்றன. அவ்வறிவிப்பைச் சோதித்தறியும் வழி ஆய்வாளரிடம் இல்லை. வேர்டின் அண்மைப் பதிப்புகளிலும் கட்டணமற்ற லிப்ரே ஆஃபிஸிலும் பிடிஎஃப் ஆக்கும் வசதி உள்ளிணைந்திருக்கையில், வெளியிடப்படாத தரவைப் பிறர் சேவையகத்திற்கு அனுப்புவதற்குப் பழக்கத்தைத் தவிர வலிமையான காரணம் காண்பது கடினம். கைபேசியிலேயே ஆய்வேட்டைத் தட்டச்சு செய்யும் மாணவரின் நிலை இதற்கு விலக்கு. அவருக்குத் துறையின் கணினி கிடைக்கச் செய்வது துறையின் பொறுப்பு.

ஒப்புமைச் சோதனையின் பொருளின்மை

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறை கருத்துத்திருட்டை ஒப்புமை விழுக்காட்டால் அளக்கிறது: 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை, 10க்கு மேல் 40 வரை, 40க்கு மேல் 60 வரை, அதற்கும் மேல் என மூன்று நிலைகள். இவ்வளவையின் அடிப்படை எழுத்துத்தொடர் ஒப்பீடு. சோதனைக்குத் தரப்படுவது கொம்பு இடம்பெயர்ந்த பிடிஎஃப் கோப்பாயின், வரிக்கு வரி படியெடுக்கப்பட்ட பத்தியும் தன் மூலத்தோடு பொருந்தாது. “தலைவி” என்னும் மூலத்தோடு “தைலவி” எவ்வாறு பொருந்தும்? விழுக்காடு தாழ்ந்து வரும், சான்றிதழ் வழங்கப்படும். மறுபுறம், இத்தகைய கோப்பாகக் களஞ்சியத்தில் கிடக்கும் நேர்மையான ஆய்வேட்டிலிருந்து பிறர் எடுத்தாண்டாலும் சோதனை அதனைக் கண்டுபிடிக்காது. தீய நோக்கம் எதுவுமின்றியே திருடுவோர்க்குக் காவலும் உழைத்தோர்க்குக் காவலின்மையும் ஏற்படுகின்றன. தமிழ் ஆய்வேட்டின் ஒப்புமைச் சான்றிதழ், கோப்பின் உரை வாசிக்கத்தக்கதா என்பதை முதலில் உறுதிசெய்யாதவரை, அளந்ததாகச் சொல்வதை அளக்கவில்லை.

தரநிலையின் எல்லை

நெடுங்காலப் பாதுகாப்பிற்கென 2005இல் வகுக்கப்பட்ட பிடிஎஃப்-ஏ தரநிலையைக் கேட்டுப்பெற்றால் போதும் என்ற கருத்து நூலக அறிவியலாரிடையே உண்டு. அதன் அடிப்படை நிலை எழுத்துருக்களை உட்பொதிக்கவும் தோற்றத்தைக் காக்கவும் மட்டுமே வற்புறுத்துகிறது. உரையின் மீட்சி அதன் கவலையன்று. 2011இல் வந்த இரண்டாம் பகுதி, ஒவ்வொரு வரிவடிவத்திற்கும் ஒருங்குறி நிகரைக் கோரும் இடைநிலை ஒன்றைச் சேர்த்தது. தமிழுக்கு அதுவும் அரைத்தீர்வு. கொம்புக்குக் கொம்பின் எண்ணும் ககரத்திற்குக் ககரத்தின் எண்ணும் முறையாகத் தரப்பட்டிருந்தும், அவை நிற்கும் வரிசை பிழையாகவே இருக்கலாம். தரநிலைச் சோதனையில் தேர்ச்சிபெற்ற கோப்பில் “முல்லை” கிடைக்காமற்போவது முரணன்று.

மாறாக, இத்துறையில் தமிழுக்கு ஏற்கெனவே ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் நூல்களைப் பிடிஎஃப் வடிவில் தரும்போதே இணையப்பக்க உரையாகவும் தந்துவந்தது. குறியேற்றம் மாறிய காலத்தில் அதன் தொகுப்பை ஒருங்குறிக்குக் கொண்டுசெல்ல முடிந்ததற்குக் காரணம், உரை உரையாகவே கையிலிருந்தது. பிடிஎஃப் கோப்புகள் மட்டும் சேர்த்துவைக்கப்பட்டிருந்தால் ஒவ்வொரு நூலையும் மீண்டும் தட்டச்சு செய்ய நேர்ந்திருக்கும்.

செய்யத்தக்கன

கோப்பைச் சோதிக்கச் சிறப்பு மென்பொருள் தேவையில்லை. மாற்றிய பிடிஎஃப் கோப்பிலிருந்து ஒரு பத்தியைப் படியெடுத்து, நோட்பேடு போன்ற வெற்றுரைத் தொகுப்பானில் ஒட்டிப் பார்த்தால் கொம்புகளின் நிலை தெரிந்துவிடும். “தலைவி”, “நெய்தல்”, “கேள்வி”, “தொகை”, “கௌரவம்”, “குறிஞ்சி” என்ற ஆறு சொற்களையோ, ஆய்வேட்டில் உறுதியாக இடம்பெற்ற அத்தகைய வேறு சொற்களையோ தேடிப் பார்ப்பது இன்னொரு வழி. இச்சோதனையை ஒன்றுக்கு மேற்பட்ட வாசிப்பு மென்பொருள்களில் செய்ய வேண்டும்; உடன் எழுதப்பட்ட உண்மை உரையைச் சில மென்பொருள்கள் மதிக்கின்றன, சில புறக்கணிக்கின்றன. கோப்பின் பண்புகள் பகுதியில் எழுத்துருக்களின் பட்டியலைப் பார்த்தால், ஆய்வாளர் பயன்படுத்திய எழுத்துருதான் உள்ளே இருக்கிறதா என்பதும் தெரியும். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஐந்து நிமிடம் ஆகும்.

இதனைத் தனியாளின் விழிப்புணர்வுக்கு விட்டுவிட இயலாது. ஆய்வேட்டைப் பெறும் பல்கலைக்கழக அலுவலகம் கோப்பின் அளவையும் பெயரிடும் முறையையும் சரிபார்க்கிறது. மேற்படிச் சோதனையையும் அப்பட்டியலில் ஒரு வரியாகச் சேர்க்கலாம். பிடிஎஃப் கோப்போடு மூல வேர்டு ஆவணத்தையும் ஒருங்குறி வெற்றுரைக் கோப்பையும் பெற்றுக் களஞ்சியத்தில் வைக்க வேண்டும் என்ற விதி இதனினும் முதன்மையானது. வெற்றுரைக் கோப்பு ஓர் ஆய்வேட்டிற்குச் சில மெகாபைட்டுகளைத் தாண்டாது. தகவலாளர் விவரம் அடங்கிய பின்னிணைப்பை அந்தப் பொதுக்கோப்பிலிருந்து நீக்கித் தனியே காக்கலாம். இணைய ஆய்விதழ்களும் இதற்கு விலக்கல்ல. கட்டுரையாளர் அனுப்பும் வேர்டு ஆவணத்தைப் பிடிஎஃப் ஆக்கி வெளியிடுபவை பெரும்பாலும் அவையே. வெளியான இதழ்களின் கோப்புகளில் மேற்சொன்ன ஆறு சொற்களைத் தேடிப்பார்த்து, கிடைக்காதவற்றின் மூல ஆவணங்கள் பதிப்பாசிரியர் கணினியில் அழியாமல் இருக்கும்போதே மீண்டும் மாற்றி, பக்க எண் பிறழாமல் பழைய கோப்பின் இடத்தில் வைப்பது இப்போது செய்யக்கூடிய வேலை.